மரத்தில் எடுத்த காவடி

பழைய காரின் சீற்பெல்ற்றைப் போல உறுதியான பட்டி எந்தக் கடையிலும் கிடைக்காது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் தைத்த தையல் ஒன்றும் விடவில்லை. படங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு நூல்கூட இழுபடவில்லை.

டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், கதைக்கலாமே என்று இந்தப் பொலிஸ் அதிகாரி அம்மா கேட்டதாகச் சொன்னீர்கள். கதைக்கலாம். சின்ன வயதில் வந்து எசன் நகரத்தில் படித்து வளர்ந்தவன், டொச்சு எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதுதான் கரைச்சல். டொச்சில் நான் பொய் சொன்னால் எனக்கே தெரியாது. தமிழில் சொன்னால் நாக்குத் தடக்கும். அதனால்தான் மொழிபெயர்க்க உங்களை ஸ்டுட்கார்ட்டில் இருந்து வரவழைக்க வேண்டியதாகப் போய்விட்டது, கோவிந்தராஜன் அண்ணை. உங்களுடையது இந்தியத் தமிழ், எங்களுடையது யாழ்ப்பாணத் தமிழ். "கொஞ்சம் ஸ்லோவா சொல்லுங்க தம்பி, எனக்கு ஃபாலோ பண்ணணும்" என்றீர்கள். ஆறுதலாகவே சொல்கிறேன். என்னை ஒருவரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. நானாகத்தான் ரெலிபோன் எடுத்து, தவராசா என்பவரின் சாவைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும் என்றேன். அடுத்த கிழமைக்கு டெர்மின், அதாவது வரச்சொல்லி ஒரு நேரம், தந்தார்கள். பல்வைத்தியரை விடக் கெதிதான்.

தவராசா என்றால் என் அத்தான். கண்மணி அக்காவின் புருசன். அம்மா அப்பா ஊரில் ஷெல்லடியில் போன பிறகு, அக்கா கலியாணம் கட்ட இங்கே வந்தபோது என்னையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தா. மாப்பிள்ளைக்குப் பொம்பிளையோடு ஒரு மச்சினனும் இலவசம். விமான நிலையத்தில் அத்தான் அக்காவை வடிவாகப் பார்க்க முதலே என்னைப் பார்த்தார். எனக்குக் குளிர்ச்சட்டை இல்லை. தன்னுடையதைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். அது என் கணுக்கால் வரை வந்தது. கார் நிற்கும் இடம் வரை நான் தடக்குப்பட்டுத் தடக்குப்பட்டு நடந்தேன், அவர் வெறும் சேட்டோடு நடுங்கி நடுங்கி நடந்தார். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவரும் அவர்தான். ரீச்சர் சொன்னது பாதி விளங்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து, "உன்னைப் பற்றி நல்லாத்தான் சொன்னவ போல கிடக்கு" என்பார். நல்லாகச் சொல்லியிருக்க மாட்டா. நான் வகுப்பில் பகிடி விடுகிற ஆள்.

அவருக்கு வேலை ஒரு இத்தாலியன் ரெஸ்ரோறன்ற் குசினியில். ஆசை வேட்டையில். இந்த நாட்டில் வேட்டைக்குப் போக ஒரு பெரிய பரீட்சை எழுதி யாக்ட்ஷைன் என்ற அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். முதல் தரம் அவர் வாத்துகளில் பெயிலானார். பிறகு நான் வாத்துப் படங்களை வெட்டிக் குளிர்பெட்டியில் ஒட்டி, தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் பெயர் சொல்ல வைத்தேன். இரண்டாம் தரம் பாஸ். எசனில் யாக்ட்ஷைன் எடுத்த முதல் தமிழர் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். ஒருவரும் மறுக்கவில்லை, ஏனென்றால் வேறு ஒருவருக்கும் அது தேவைப்படவில்லை. இறைச்சி மட்டும் எல்லாருக்கும் தேவைப்பட்டது. காட்டுப்பன்றிக் கறி என்றால் விரதகாரரும் அன்றைக்கு என்ன கிழமை என்று ஒருக்கால் கலண்டரைப் பார்ப்பார்கள்.

சவர்லாண்ட் மலைப்பக்கத்தில் டொறத்தி என்ற ஒரு விவசாயி இருக்கிறா. புருசன் இல்லை. பன்றிகள் அவவின் உருளைக்கிழங்குத் தோட்டத்தைக் கிண்டிப் போட்டதால், தன் காட்டில் வந்து சுடும்படி அத்தானுக்கு அனுமதி தந்தா. ஆனால் அங்கே இருந்த மரப்பரண் உக்கி விழுந்துவிட்டது. புதிதாகக் கட்டத் தோது இல்லை. அந்த நேரம்தான் அத்தான் இன்ரர்நெற்றில் ஒரு படத்தைப் பார்த்தார். அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் பரண் இல்லாமல், இடுப்பிலும் தொடையிலும் பட்டி கட்டி, மரத்தில் கயிறு போட்டுச் சாய்ந்தபடி தொங்குகிறார்கள். அத்தான் என்னைக் கூப்பிட்டார். "இஞ்ச பார் கவிஷன், வெள்ளைக்காரன் துவக்கோட தூக்குக்காவடி எடுக்கிறான்."

அன்றிலிருந்து அந்தச் சாமானுக்கு வீட்டில் காவடி என்றுதான் பெயர்.

இந்த அதிகாரி அம்மாவுக்குத் தூக்குக்காவடி என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். ஹம் நகரத்துக்குப் பக்கத்தில், ஊன்ட்றொப்பில், கனால் கரையில் எங்கள் காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. தேர்த் திருவிழாவில் நேர்த்தி வைத்தவர்கள் முதுகிலும் காலிலும் செடில் குத்தி, அதாவது கொழுக்கி ஏற்றி, உயரத்தில் குப்புறத் தொங்கிக்கொண்டு வருவார்கள். அத்தான் ஒருமுறை எடுத்தார். எனக்காகத்தான். எனக்கு மூளைக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது நேர்த்தி வைத்தது. நான் எழும்பி வந்த வருசம் அவர் தொங்கினார், வெயிலில், நெடுநேரம். நான் செம்பில் தண்ணீரோடு கீழே நடந்தேன். பயத்தில் கேட்டேன், "நோகுதோ அத்தான்?" என்று. "இல்லையடா. மேலேயிருந்து பார்க்க நீ வடிவாய்த் தெரியிறாய்" என்றார். இறக்கினபோது தானே எழும்பி நடந்தார். இதை ஞாபகம் வைத்திருங்கள். நாங்கள் எல்லாரும் அதைத்தான் ஞாபகம் வைத்திருந்தோம்.

காவடியை நான்தான் தைத்தேன். நான் படிப்பது இயந்திரவியல். பல்கலைக்கழகத்தில் என் பெயர் தெரிந்தது மாணவர் பத்திரிகையில் எழுதும் பகிடிகளால்தான், ஆனாலும் பாரம் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியும். கார் உடைக்கிற இடத்தில் பட்டிகளை வெட்டி வந்தோம். இடுப்புக்கு இரட்டைப் பட்டி, பின்பக்கம் அகலமாக, தொடைகளுக்கு இரண்டு வளையம். முதலில் அக்காவின் தையல் மெசினில் தைத்தேன். ஊசிகள் வரிசையாக முறிந்தன. ஊசியோடு சேர்த்து என்னையும் முறிக்கப் போவதாக அக்கா சொன்னா. பிறகு பக்கத்துத் தெருவில் சப்பாத்துத் தைக்கிற துருக்கிக்காரரின் மெசினில் பெட்டி போலத் தைத்து, நடுவில் குறுக்குத் தையலும் போட்டேன். மலையேறுகிறவர்களின் கடையில் கயிறும் கொழுக்கியும் வாங்கினோம். பிள்ளைகளின் விளையாட்டுத் திடலில், ஊஞ்சல் கம்பியில் அத்தானைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். அக்காவின் மகள் சாரங்கா தன் ஊஞ்சலைத் தரச்சொல்லி அழுதாள். பக்கத்து வீட்டு மனிசி ஜன்னலைத் திறந்து எல்லாம் சரிதானா என்று கேட்டா. எல்லாம் சரி என்று அத்தான் தொங்கியபடியே கை காட்டினார்.

அந்த வசந்தகாலம் போல ஒரு காலம் எனக்கு முந்தியும் பிந்தியும் இருந்ததில்லை. இதை நீங்கள் எழுதத் தேவையில்லை.

அது முடிந்ததும் டொறத்தியின் வளவில் ஒரு மரத்தில் கட்டிக் காட்டினோம். அவ வாளியோடு நின்று பார்த்தா. சிரிக்கவில்லை. அவவும் புருசனும் ஊர்த் தீயணைப்புப் படையில் இருந்தவர்கள். நீளமாக ஏதோ சொன்னா. மலைப்பக்கத்து டொச்சு, அத்தானுக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் சுருக்கமாகச் சொன்னேன், "கால் உளையுமாம் அத்தான், மிதிக்க ஒரு பலகை வேணுமாம்." "கிழவி காவடி கண்டதில்லை" என்று அத்தான் சிரித்தார். ஆனாலும் அவ மாட்டுக் கொட்டிலில் இருந்து ஒரு ஓக் பலகையைத் தேடிக்கொண்டு வந்தா. நான் அதில் துளை போட்டுப் பட்டி கோத்து, மரத்தில் இறுக்கிக் கட்டுகிற மாதிரிச் செய்துகொடுத்தேன். அத்தான் ஒவ்வொரு முறையும் அதில் கால் வைத்துத்தான் இருந்தார். வசதியாக இருக்குது என்றார்.

நான் அன்றைக்கு அவ சொன்னதைச் சுருக்கினதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வெறும் சோம்பல். மொழிபெயர்க்கிறபோது ஒரு வசனத்தை விட்டுவிடுவது எவ்வளவு லேசு என்று உங்களுக்குத் தெரியாததா அண்ணை.

பிறகு லண்டன் வந்தது. அந்த வருசங்களில் டொச்சுப் பாஸ்போட் கிடைத்த எங்கடை ஆட்கள் எல்லாரும் லண்டனுக்குத்தான் போனார்கள். பிள்ளைகளுக்கு இங்கிலிஷ், தெருவுக்கு ஒரு தமிழ்க் கடை, கூப்பிடு தூரத்தில் கோயில். நியாயம்தான். அத்தான் இதை எனக்குக் காரில் சொன்னார், காட்டிலிருந்து திரும்பி வரும்போது, ரோட்டைப் பார்த்தபடி. லண்டனில் இருக்கிற தன் தமையன் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறாராம். சின்ன வீடு. தங்களுக்கு ஒரு அறை, பிள்ளைகளுக்கு ஒரு அறை.

நான் அறைகளை எண்ணினேன். அவரே சொன்னார், "நீ இஞ்ச படிப்பை முடியடா. பிறகு லீவுக்கு வா."

லீவுக்கு. விருந்தாளிகள்தான் லீவுக்கு வருவார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. நான் கோபக்காரன் இல்லை, யாரிடமும் கேட்டுப் பாருங்கள். வீட்டில் பெட்டி அடுக்கினார்கள், நானும் கூடநின்று அடுக்கினேன். அந்தக் குளிர்ச்சட்டை அகப்பட்டது, கணுக்கால் வரை வந்த சட்டை. பழைய உடுப்புப் பெட்டியில் போடச் சொல்லி அக்கா தந்தா. எடுத்துக்கொண்டு போனேன். போடவில்லை. என் புத்தகப் பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்குக் கையெழுத்துப் போட அத்தான் நேரில் வரவேண்டும் என்று லண்டனில் சொல்லியிருந்தார்கள். பிந்தினால் வீடு அடுத்த ஆளுக்கு. சனிக்கிழமை மத்தியானம் டுசல்டோர்வில் விமானம். இதுதான் என் திட்டம்: அவர் அந்த விமானத்தைத் தவறவிட வேண்டும். வேறொன்றும் இல்லை. அடுத்த விமானத்தில் போயிருப்பாரே என்று அதிகாரி அம்மா கேட்கிறா. ஓம், போயிருப்பார். ஒரு பகிடிக்கு அவ்வளவு தூரம் யோசிக்கிறதில்லை.

அக்கா போக முதல் தெரிந்த ஆட்களைக் கூப்பிட்டு ஒரு சாப்பாடு கொடுக்க விரும்பினா. மான் இறைச்சி இருந்தால் நல்லது என்று கேட்டா. ஊன்ட்றொப்பில் கொடியேறினால் வீட்டில் மச்சம் மாமிசம் புழங்கமாட்டோம், கொடியேற்றமும் கிட்டத்தான் இருந்தது. ஆகவே சனிக்கிழமை விடியக்காலை ஒருக்கால் போய்விட்டு வருவோம், விமான நேரத்துக்கு முதல் வந்துவிடலாம் என்று அத்தான் சொன்னார். நான் ஓம் என்றேன்.

மரத்தைப் படத்தில் பார்த்தீர்கள். டொச்சில் பூஹெ என்கிற மரம். ஆனைக்கால் போல இருக்கும், கீழே கொப்பு ஒன்றும் இல்லை, தோல் வழுவழுப்பு. முதல் நாள் மழை. அத்தான் ஏணியில் ஏறி, கயிற்றைச் சுற்றிக் கொழுக்கியை மாட்டினார். ஏணியை எடுத்துக்கொண்டு போவது எப்போதும் என் வேலை, அலுமினியம் மினுங்கினால் மான் வராது. ரெலிபோனை எப்போதும் காரில் வைத்துவிட்டுத்தான் ஏறுவார். எல்லாம் வழமை. அன்று மாத்திரம் மேலே இருந்து கேட்டார், "பலகை எங்கயடா?"

"வீட்டில விட்டிட்டன் அத்தான்."

தொப்பியை நெற்றிக்கு இழுத்துவிட்டார். பிறகு, "பரவாயில்லை, காவடியில எந்தப் பலகை இருந்தது" என்றார். காலை மரத்தில் ஊன்றிப் பார்த்தார். வழுக்கியது. விட்டுவிட்டுத் தொங்கினார். தொடைப்பட்டி இறுக்கியதாக்கும், முகத்தைச் சுளித்தார்.

"நோகுதோ அத்தான்?" என்று கேட்டேன்.

"இல்லையடா. மேலேயிருந்து பார்க்க நீ வடிவாய்த் தெரியிறாய்."

நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

காருக்குப் போனேன் என்று அன்றைக்குச் சொல்லியிருக்கிறேன். உடனே போகவில்லை. வெட்டி அடுக்கின மரக்குற்றிகளுக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்து அவர் தெரிவார். வேட்டைக்காரன் அசையக்கூடாது. அவர் அசையவில்லை. நன்றாக விடிந்த பிறகு ஒரு மான் வந்தது, நல்ல கொம்புள்ள கிடா. நேரே அவருக்குக் கீழே வந்து நின்று புல்லைத் தின்றது. ஆசைதீர நின்றது. அத்தான் துவக்கை எடுக்கவில்லை. துவக்கு அவர் தோளில் சும்மா தொங்கியது. கடைசி மான், அக்கா கேட்ட மான், குறி பார்க்கவும் தேவையில்லாத தூரம்.

அப்போது எனக்கு விளங்கிவிட்டது.

டொறத்தி அன்றைக்குச் சொன்னதை இப்போது முழுக்கச் சொல்கிறேன். காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் மனிசனை நிமிர்ந்தபடி தொங்கவிடாதேயுங்கோ. இரத்தம் காலில் இறங்கி அங்கேயே நின்றுவிடும், இதயத்துக்குத் திரும்பி வராது. நாங்கள் ஒரு கூரை வேலைக்காரனை அவன் பாதுகாப்புப் பட்டியிலிருந்து இறக்கினோம், உடம்பில் ஒரு கீறலும் இல்லை, இறக்கும்போது செத்திருந்தான். கனநேரம் தேவையில்லை. இவ்வளவும் சொன்னா. காவடியில் ஆள் படுத்த மாதிரிக் கிடக்கிறது, அதில் காலுக்கு இரத்தம் இறங்காது. அத்தானுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நான் சொல்லவில்லை.

கிடா போன பிறகு அவர் விசில் அடித்தார். எங்களுக்குள் ஒரு விசில் இருந்தது, ஏணியைக் கொண்டுவா என்பதற்கு. மெல்லிய விசில். இன்னொருக்கால் அடித்தார், அதில் காற்றுத்தான் வந்தது. பிறகு "தம்பி" என்றார். கத்தவில்லை. காட்டில் கத்தக்கூடாது என்பது அவர் பழக்கம். அதோடு, நான் பக்கத்தில்தான் நிற்பேன் என்று அவருக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றேன்.

அதற்குப் பிறகுதான் காருக்குப் போனேன். பணிஸ் இருந்தது, சாப்பிட்டேன். ரேடியோவில் ரோட்டு நெரிசல் சொன்னார்கள். விமான நிலையப் பக்கம் வாகனங்கள் நிற்குதாம். இனிப் போனாலும் பிடிக்கமாட்டோம் என்று தோன்றியது. அப்போது ஏணியை எடுத்துக்கொண்டு போனேன். திட்டம் அதுதானே.

தொப்பி கீழே விழுந்து கிடந்தது. தலை முன்னுக்குச் சாய்ந்திருந்தது. ஏறிக் கையைப் பிடித்தேன், கையுறைக்குள் இன்னும் சூடு இருந்தது. அத்தான், பிளேனை விட்டிட்டம் என்று சொன்னேன். பிறகு பொலிசுக்கு ரெலிபோன் எடுத்தேன். காரில் நித்திரையாகிப் போனேன் என்றேன். நல்ல டொச்சில் சொன்னேன். வந்த பொலிஸ்காரர் என் தோளில் கை வைத்து, உங்கள் மேல் பிழையில்லை என்றார். டொறத்தி தூரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தா. பலகையைப் பற்றி அவவை ஒருவரும் கேட்கவில்லை. அவவுக்கும் அப்போது வாய் வரவில்லை.

ஏன் இப்போது வந்தாய் என்றுதானே கேட்கிறீர்கள்.

அக்கா பிள்ளைகளோடு லண்டனுக்குப் போய்விட்டா. அந்த வீடு போய்விட்டது, அத்தானின் தமையன் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறார்கள். நடந்ததற்கு எங்கடை ஆட்கள் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்: கொடியேற்றம் கிட்ட வரும் நேரத்தில் உயிர்ப்பலிக்குப் போனவன், அம்மன் விடுவாவோ. சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தவர்கள்தான் இதைக் கூடுதலாகச் சொல்கிறார்கள். அதை அக்கா அப்படியே பிடித்துக்கொண்டா. ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. போன மாதம் ரெலிபோனில் சொன்னா, "என்ர வாய்தானடா அவரைத் திண்டது. நான்தானே இறைச்சி கேட்டனான்." நான் அப்படி இல்லை அக்கா என்றேன். பிறகு எப்படி என்று கேட்டா. அழுது முடித்துவிட்டு, "இந்த வருசம் அத்தானுக்காக நீ ஒரு தூக்குக்காவடி எடுக்கிறியோ" என்று கேட்டா. ஓம் என்றேன். அடுத்த நாள்தான் பொலிசிடம் டெர்மின் கேட்டேன்.

அக்காவுக்கு இதைச் சொல்ல ஒருவர் வேண்டும். அவவின் வாய் ஒன்றும் செய்யவில்லை என்று. நான் சொன்னால் பகிடி என்று நினைப்பா. பொலிஸ் முத்திரை வைத்த தாள் போனால் நம்புவா.

அதிகாரி அம்மா இன்னொரு கேள்வி கேட்கிறா, விளங்குகிறது, மொழிபெயர்க்கத் தேவையில்லை. பலகை உண்மையில் எங்கே இருந்தது.

காரின் பின்பெட்டியில் இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்தான் வைத்தேன். குளிர்ச்சட்டையால் சுற்றி, மேலே ஒரு பெட்டியும் வைத்திருந்தேன். மறந்துபோன சாமானை ஒருவரும் சுற்றி வைப்பதில்லை, அது எனக்கும் தெரியும். விமானம் தவறுவதற்கு ஏணி ஒன்றே போதும். பலகையை ஒளிக்கத் தேவையில்லை. அவர் அதில் காலை வைத்துக்கொண்டு, என்னை ஏசி ஏசி, மத்தியானம் வரை பத்திரமாக நின்றிருப்பார்.

நான் அவரில் உயிரையே வைத்திருந்தேன், அண்ணை. அதை முதலில் எழுதச் சொல்லுங்கோ. பலகையைப் பிறகு எழுதலாம்.